கைதட்டும் முன் ஒரு நிமிடம், தோழர்களே

மாலைநேர வகுப்பு நடத்தும் நாங்கள், மாதம் ஒருமுறை பெற்றோரைக் கூட்டிப் பேசுவோம். சென்ற கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து சொன்னார்: "போன்ல கேம் ஆடி ஆடியே எம்புள்ள கெட்டுப் போறான். எந்நேரமும் சுடு சுடுன்னு கத்துறான்." எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு, செய்தியில் வந்த ஒரு கொலைக்குத் திரும்பியது. அதே அம்மா சொன்னார்: "கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்குங்க? நிக்க வெச்சு சுடணும்." அதற்கும் எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

மகன் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டால் கெட்டுப்போகிறான். போலீஸ் நிஜத் துப்பாக்கியால் சுட்டால் நீதி கிடைத்துவிட்டது. இதுதான் நம் பொதுப்புத்தி.

அந்த அம்மாவை நாங்கள் குறை சொல்லவில்லை. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே கொதித்தது. நாமும் கொதித்தோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்கு "என்கவுன்டர்" என்று பெயர் வைத்துக் கொடுத்தது யார்?

கேம் அல்ல. ஜிடிஏ ஆடிய பையன்களைக் கேளுங்கள். அதில் குற்றம் செய்தால்தான் திரையின் மூலையில் நட்சத்திரம் ஏறும், போலீஸ் துரத்தும். கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தால் நட்சத்திரம் அணைந்துவிடும். அந்த விளையாட்டில் இருக்கும் நியாயம்கூட நம் தெருவில் இல்லை. கடற்கரைச் சாலையில் சிவப்புத் தொப்பிப் போலீஸோடு சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கிறார்கள். நம் பையன் வண்டிச் சோதனையில் நின்றால் லைசென்ஸுக்கு முன்னால் வருகிற கேள்வி, "எந்த ஏரியா?" காலனி பெயரைச் சொன்ன நொடியில் ஒரு நட்சத்திரம் ஏறிவிடுகிறது. எங்கே ஒளிந்தாலும் அது அணைவதில்லை.

நமக்குச் 'சுடு' என்று சொல்லிக் கொடுத்தது வரவேற்பறையில் இருக்கும் டிவி. 'சாமி', 'காக்க காக்க', 'சிங்கம்' என்று வரிசையாகப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். இந்தப் படங்களில் வக்கீல் என்றால் விலைபோனவர், நீதிமன்றம் என்றால் தாமதம், மனித உரிமை பேசுகிறவர் கோமாளி. லத்தி மட்டுமே நேர்மையானது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த பிறகு, ஐந்து போலீஸ் படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரியே அறிக்கை விட்டார். எடுத்தவர் வருந்திவிட்டார். பார்த்த நாம் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

2019 டிசம்பர் 6 நினைவிருக்கிறதா? ஹைதராபாத் அருகே பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்மீது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் என்ன சொன்னது தெரியுமா? கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், சுடப்பட்டவர்களில் மூவர் சிறுவர்கள், போலீஸார் 10 பேர்மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. பூ தூவிய கைகளில் ஒன்றாவது அந்த அறிக்கையைப் புரட்டியிருக்குமா?

என்கவுன்டர் என்கிற சொல்லுக்கு வர்க்கமும் சாதியும் உண்டு. பங்களாக்காரனுக்கு ஜாமீன், குடிசைக்காரனுக்கு மாவுக்கட்டு. இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தலித். சிறைக்குள்ளும் சாதி பார்த்தே துடைப்பம் கொடுத்தார்கள். அந்த விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2024 அக்டோபர் 3 அன்றுதான்.

பக்கத்துக் கடலூர் மாவட்டத்து ராஜாகண்ணுவை 'ஜெய் பீம்' படத்தால் உலகமே அறியும். 1993இல் திருட்டுப் பட்டம் கட்டி கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துச் சென்றார்கள். தப்பி ஓடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். அன்று டிவியில் அந்தச் செய்தி வந்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? "திருட்டுப் பய, நல்லா வேணும்." அவர் மனைவி பார்வதி கையில் துப்பாக்கி இல்லை. ஓர் ஆட்கொணர்வு மனுவும், சந்துரு என்ற வக்கீலும்தான் இருந்தார்கள். சினிமா கேலி செய்கிற அதே கோர்ட்டும் கேஸும்தான் அந்தப் பொய்யை உடைத்தன.

இப்போது நம் பக்கம் வருவோம். 2024 ஜூலை 5 அன்று சென்னையில் அண்ணன் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பதாவது நாள், கைதானவர்களில் ஒருவர் மாதவரம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் தோழர்களில் சிலரும் அன்று ஸ்டேட்டஸில் நெருப்புப் படம் வைத்தார்கள். வலி புரிகிறது. ஆனால் ஏவியது யார், பணம் கொடுத்தது யார் என்று கூண்டில் நின்று சொல்லியிருக்கக் கூடிய ஒரு வாய் அன்று மூடப்பட்டது. அதில் லாபம் யாருக்கு? செத்த சாட்சியால் ஏவியவனுக்கு மட்டுமே லாபம். நமக்குத் தேவைப்பட்டது உண்மை. கிடைத்தது இன்னொரு பிணம்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை முன்மொழிந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். எந்தத் தெருவுக்கு அது முதலில் தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும். என்கவுன்டருக்குக் கைதட்டும்போது அந்தப் பக்கத்தைத்தான் நாம் கிழிக்கிறோம்.

ஆகவே தோழர்களே, தம்பிகள் கையிலிருந்து போனைப் பிடுங்காதீர்கள். அதே போனில் இதைச் சேமித்துக் கொடுங்கள். கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது டி.கே. பாசு தீர்ப்பு. காவல் நிலையத்தில் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி இருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அடி வாங்கியவர் அந்தப் பதிவைக் கேட்கலாம். நம் புகாரை வாங்க மறுக்கும் அதிகாரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் கேள்வி கேட்கலாம்.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவிடம் நாங்கள் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறோம்: "நிக்க வெச்சு சுடணும்னு சொன்னீங்களேம்மா, ஆள் மாறிப்போய் உங்க புள்ளைய நிக்க வெச்சா, அப்ப கோர்ட்டு வேணுமா, வேணாமா?"

ஜெய் பீம்!