வண்டிக்குப் பின்னால் கட்டிய மாடு

ஹாங்காங்கில் வார்த்த ஒரு பை பிளாஸ்டிக் பொம்மைகளைப் பற்றி மேசை விளையாட்டுக்காரர்கள் சலிக்காமல் ஒரு கதை சொல்வார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளில் வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்ற பெயரில் அந்தப் பைகள் தொங்கின. உள்ளே இருந்த ஜந்துக்கள் எந்த யுகத்திலும் உலவியிருக்க முடியாதவை. விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவில் வசித்த கேரி கைகாக்ஸின் கையில் அப்படி ஒரு பை சிக்கியது. விசிறி போன்ற வால் கொண்ட ஒரு பொம்மை, இரும்பைத் துருவாக்கித் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்' ஆனது. இன்னொன்று, பாதி ஆந்தையும் பாதி கரடியுமான 'அவுல்பேர்'. மற்றொன்று, மண்ணுக்கடியில் சுறாபோல நீந்தி வரும் 'பூலெட்'. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தின் புத்தகங்களில் இவை இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு தீர்ப்பும் வரும்: பார்த்தீர்களா, பொம்மைதான் ஆட்டத்தைப் பெற்றது, ஆட்டம் பொம்மையை விற்கிறது, பொம்மை ஆட்டத்தை விற்கிறது, இரண்டும் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள். கடைக்காரர் இதை நம்புகிறார், ஆடுகிறவர் நம்புகிறார், பதிப்பகத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் எல்லோரையும்விட அழுத்தமாக நம்புகிறார். நான் நம்பவில்லை. இந்த வண்டியை இழுப்பது ஒரே மாடுதான். மற்றது வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு நடந்து வருகிறது. சில ஆண்டுகள் அது பின்னங்காலை ஊன்றிக்கொண்டு முரண்டும் பிடித்திருக்கிறது.

அந்தப் பையையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பொம்மைகளை வார்த்த தொழிற்சாலைக்கு லேக் ஜெனீவா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. அவை குழந்தைகளுக்கான சில்லறைச் சாமான். அதில் அசுரனைக் கண்டது ஒரு மனிதரின் கற்பனை. வீட்டில் கிடந்த புளியங்கொட்டையைப் பார்த்து அவருக்கு வேறொரு அசுரன் தோன்றியிருந்தால், புளி வியாபாரம்தான் கதையாட்டத்தை வளர்த்தது என்று எழுதியிருப்போமா?

பிறப்புக் கதையில் பொம்மைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய 'செயின்மெயில்', ஈயப் படைவீரர்களை மேசையில் பரப்பிப் போர் நடத்துவதற்கான விதிநூல்தான். அதில் ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம். கூடவே, ஒரு பொம்மைக்கு ஓர் ஆள் என்ற முறையும் இருந்தது. மந்திரவாதிகளுக்கும் டிராகன்களுக்கும் ஒரு பின்னிணைப்பும் இருந்தது. மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார். அவரது 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஆள் படையை நடத்தவில்லை. ஒரே ஒரு பாத்திரமாக வாழ்ந்தான், பாதாள அறைகளில் இறங்கினான், பிழைத்தால் அடுத்த வாரமும் அதே பாத்திரமாக வந்தான். கைகாக்ஸ், ஆர்னசன் இருவரின் உழைப்பும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸாக வெளிவந்தபோது, ஆயிரம் பிரதிகள் மட்டுமே அச்சடித்த அந்தப் பெட்டியின் அட்டையில், காகிதம், பென்சிலோடு மினியேச்சர் பொம்மைகளுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். உள்ளே முதல் புத்தகத்தைப் புரட்டினால் கதை வேறு: பொம்மை கட்டாயமில்லை, கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். பொம்மைப் போரில் ஊறியவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. ஐம்பது ஆண்டுகளாக யாரும் அதைப் படிப்பதில்லை போலும்.

இந்த ஆட்டத்தின் இயல்பு அப்படி. நாலைந்து பேர் உட்கார்கிறார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்லால் கட்டுகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடக்கிறார்கள். சிக்கலான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. சண்டை வந்து, யார் எங்கே நிற்கிறார் என்பதில் தகராறு எழும்போது மேசையில் ஏதாவது வைத்தால் வசதி. நாணயம், சட்டைப் பொத்தான், சதுரங்கச் சிப்பாய் என்று எதுவும் போதும். இங்கே தேவைப்படுவது ஓர் அடையாளம். சேகரிப்புப் பொம்மை விற்பதோ ஆசையை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் இந்த மூடநம்பிக்கை தொடங்குகிறது.

இந்த வேறுபாட்டை வியாபாரிகளில் முதலில் உணர்ந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1975-இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப், ஐரோப்பாவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை விற்கும் தனி உரிமையைப் பெற்றிருந்தது. நியூவர்க் ஊரில் பிரையன் ஆன்செல்லோடு சேர்ந்து சிட்டாடல் என்ற பொம்மை வார்ப்படக் கம்பெனியையும் தொடங்கியது. ஆக, ஆட்டம் ஒரு கையில், பொம்மை மறு கையில். நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால் இதைவிட வசதியான இடம் யாருக்கு வாய்க்கும்? ஆனால் அவர்கள் கண்டது வேறு. கதையாட்டக்காரன் கடைக்கு வருவான், தன் பாத்திரத்துக்கு ஒரு பொம்மை வாங்குவான், போய்விடுவான். அந்தப் பாத்திரம் செத்தால்தான் அடுத்ததற்கு வருவான். அதனால் 1983-இல் அவர்கள் 'வார்ஹாமர்' கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு பொம்மை போதாது, ஒரு சேனையே வேண்டும் என்று கேட்கும் ஆட்டம் அது. பொம்மை விற்க வேண்டுமானால் பொம்மைக்கென்றே ஓர் ஆட்டம் வேண்டும் என்ற கணக்கு. கதையாட்டங்களுக்காக 1977-இல் பிறந்த அவர்களது 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகை, எண்பதுகள் முடிவதற்குள் சொந்தப் பொம்மைகளின் பத்திரிகையாகிவிட்டது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் ஏறியது. பொம்மையை முழுமனதோடு விற்றவர்கள் கதையாட்டத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினார்கள்.

எதிர்த் திசையில் போனவர்கள் கதை இன்னும் சுவாரசியம்.

2000-இல் விஸ்கிட்ஸ் நிறுவனத்தின் 'மேஜ் நைட்' வந்தது. ஏற்கெனவே வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் பொம்மை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டி. பையன்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. 'மேஜிக்' சீட்டுகளை மூடிய பொட்டலங்களில் விற்றே பெரியதான நிறுவனம் அது. கைக்கு வாட்டமான தொழில்தானே? 2003-இல் 'ஹார்பிஞ்சர்' வரிசையைத் தொடங்கினார்கள். ஒரு பொட்டலத்தில் எட்டு பொம்மைகள்: ஒன்று அரிதானது, மூன்று நடுத்தரம், நான்கு சாதாரணம். கூடவே வரும் அட்டையின் ஒரு பக்கம் பொம்மைச் சண்டைக்கான எண்கள், மறுபக்கம் கதையாட்டத்துக்கான எண்கள். நம்பிக்கையையே அச்சடித்துக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். சண்டைக்காக வாங்கியவன் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கதையாட்டத்துக்குள் வந்துவிடுவானாம்.

ஆட்டத்தை நடத்துகிறவரின் இடத்திலிருந்து அந்தப் பொட்டலத்தைப் பாருங்கள். இன்று இரவு குகையில் ஆறு கோப்ளின்கள் பாய வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு கோப்ளின், ஒரு குள்ளன், ஒரு ஓநாய், எப்போது தேவைப்படும் என்றே தெரியாத ஒரு பூதம். அவருக்கு வேண்டியது ஒன்றையே பலமுறை. மூடிய பெட்டி கொடுப்பது பலவற்றை ஒருமுறை. அரிய பொம்மைக்கு ஏங்கும் சேகரிப்பாளருக்கோ ஆறு கோப்ளின் எதற்கு? இருவரையும் ஒரே பெட்டியால் திருப்திப்படுத்தப் பார்த்தால் இருவருக்கும் பாதிப் பெட்டி வீண்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விதிகளும் பொம்மைக்கு வளைந்துகொடுக்க ஆரம்பித்தன. 2003-இன் திருத்தப் பதிப்பு சண்டையைக் கட்டம் போட்ட விரிப்பின் மேல் வைத்தே யோசித்தது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் தூரம், வேகம், வீச்சு எல்லாமே சதுரக் கணக்கு. மந்திரவாதி வீசும் நெருப்புக்கோளம்கூடச் சதுரமாக வெடித்தது. நெருப்பைச் சதுரமாக்கிய பதிப்பு என்ற பெருமை அதற்கு உண்டு. அந்தப் பதிப்பை நேசித்தவர்களும் இருக்கிறார்கள். சண்டைக் கணக்கில் அது கெட்டிக்காரப் பதிப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேர்பிடித்த ஆட்டக்காரர்கள் பலர் விலகினார்கள். பைசோ நிறுவனம் பழைய விதிகளைச் செப்பனிட்டு 2009-இல் 'பாத்ஃபைண்டர்' வெளியிட்டதும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 'பாத்ஃபைண்டரும் கட்டம் போட்ட ஆட்டம்தானே' என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால்தான், கட்டம் மட்டுமே நான்காம் பதிப்பைச் சாய்த்தது என்று நான் வாதிடவில்லை. என் கேள்வி வேறு: பொம்மை ஆட்டத்தை இழுக்கும் என்றால், பொம்மையோடு இவ்வளவு இறுக்கிக் கட்டிய பதிப்பு ஏன் இழுபடவில்லை? பைசோ தன் ஆட்டக்காரர்களுக்குப் பின்னாளில் என்ன விற்றது என்பதையும் கவனியுங்கள். பெட்டி நிறைய அட்டைப் படங்கள். அடையாளம் வேண்டுமா, இதோ.

விசர்ட்ஸ் அந்த வண்ணப் பொம்மைத் தொழிலை நிறுத்தப்போவதாக 2011 ஜனவரியில் அறிவித்தது. 'மேஜ் நைட்' கண்ட விஸ்கிட்ஸை அதன் அன்றைய உரிமையாளர் 2008-லேயே மூடிவிட்டார். பிறகு வேறொருவர் வாங்கி உயிர்கொடுத்தார்.

அப்புறம் 2014. ஐந்தாம் பதிப்பு கட்டத்தைப் பிடித்து ஒரு சிறு பெட்டிச் செய்திக்குள் அடைத்தது: விரும்பினால் இப்படியும் ஆடலாம். ஆட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய விற்பனை அந்தப் பதிப்பால் வந்தது. 2020-இல் தொற்றுக்குப் பயந்து உலகமே கதவடைத்தபோது, மேசையைச் சுற்றி உட்கார வழியில்லை, பொம்மையைக் கையால் நகர்த்தவும் வழியில்லை. ஆட்டம் கணினித் திரைக்குப் போனது. அதுவரை இல்லாத விற்பனையை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அந்த ஆண்டில் கண்டது.

இதற்குக் கடைக்காரர் தன் ரசீதுப் புத்தகத்தைக் காட்டுவார். புத்தகம் வாங்கியவர்தான் பொம்மையும் வாங்கியிருக்கிறார், பாருங்கள் என்பார். மழைக்காலத்தில் குடையும் ரெயின்கோட்டும் ஒரே ரசீதில் வரும். குடை விற்பதால்தான் ரெயின்கோட் விற்கிறது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. மழை பெய்கிறது, இரண்டும் விற்கின்றன. இங்கே மழை என்பது ஆட்டம்.

ஆட்டம் பொம்மையை விற்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 2012-இல் டெக்சஸின் ரீப்பர் நிறுவனம் 'போன்ஸ்' பொம்மைகளுக்கு இணையத்தில் முன்பணம் கேட்டபோது 34 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. நூறு டாலர் கட்டியவர்களுக்கு இருநூறுக்கும் அதிகமான பொம்மைகள். அத்தனையும் மேசைக்கு வந்தனவா? வாங்கி வண்ணம் தீட்டாமல் அடுக்கி வைத்திருப்பதை 'வெட்கக் குவியல்' என்று ஆட்டக்காரர்களே கேலியாகச் சொல்வார்கள். இருநூறு பொம்மை வைத்திருப்பவர் இருநூறு இரவு ஆடியவர் அல்லர். பல நேரம், ஆட நண்பர்கள் கிடைக்காததால் பொம்மை வாங்கியவர்.

ஐந்தாம் பதிப்பு வந்த ஆண்டிலேயே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வண்ணப் பொம்மைகளும் மறுபடி கடைக்கு வந்தன. பெட்டி இப்போதும் மூடியதுதான். ஆனால் அச்சு வார்ப்பது, வண்ணம் தீட்டுவது, விற்காத சரக்கைக் கிடங்கில் காப்பது எல்லாம் உரிமம் வாங்கிய விஸ்கிட்ஸின் தலையில். விசர்ட்ஸ் உரிமத்தொகையை வாங்கிக்கொண்டு புத்தகம் எழுதப் போய்விட்டது.