பண்டிகைக்கால விற்பனையில் கடைகளின் ஒலிபெருக்கி இரைச்சல் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: தியாகராய நகர்ப் பகுதிக் கடைப் பணியாளர்களின் சங்கம்

பெறுநர்: தொழிலாளர் ஆணையர், பெருநகரக் காவல் ஆணையர், தலைவர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சென்னை



ஆடித் தள்ளுபடியில் தொடங்கித் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என நீளும் விற்பனைக் காலத்தில், ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகள் ஒலிபெருக்கிகளைத் தெருவை நோக்கி வைத்து விளம்பரப் பாட்டையும் பண்டிகைப் பாட்டையும் மாறி மாறி ஒலிக்கச் செய்வதும், ஒரு கடை ஒலியைக் கூட்டினால் பக்கத்துக் கடையும் கூட்டுவதும் வழக்கமாகிவிட்டன. வாடிக்கையாளர் சிறிது நேரம் பொறுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். விற்பனைப் பிரிவில் நிற்பவரோ கடை திறந்தது முதல் மூடும்வரை அதே நான்கைந்து பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியுள்ளது. சேலையின் விலையை வாயால் சொல்லிப் பயனின்றிக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவதும், கத்திக் கத்தி மாலைக்குள் தொண்டை கட்டிக்கொள்வதும் இப்பணியின் இயல்பாகவே கருதப்படுகின்றன. பாட்டின் மீது சங்கத்துக்குப் பகை ஏதுமில்லை; அதன் ஒலி அளவே சிக்கல்.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, வணிகப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 65 டெசிபெல்லும், இரவில் 55 டெசிபெல்லும் வரம்பாக வகுத்துள்ளதுடன், எழுத்துவழி அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாகாது என்றும் கூறுகின்றன. டெசிபெல் என்பது ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு. அதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால், 65-க்கும் 75-க்கும் உள்ள இடைவெளி எண்ணில் தோன்றுவதுபோல் சிறியதன்று. ஆயினும் இவ்விதிகளின்படி தனியார் இடத்து ஒலி அளக்கப்படுவது அவ்விடத்தின் எல்லையில்தான் என்பதால், அண்டை வீட்டாருக்குக் கிடைக்கும் காப்பு ஒலிபெருக்கிக்கு அடியிலேயே நிற்கும் பணியாளருக்குக் கிடைப்பதில்லை. கடைப் பணியாளர் உட்காரும் உரிமையை 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வழங்கிய மாநிலம், அவர்களுடைய செவியையும் அதே கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு.

எனவே, தெருவை நோக்கிய ஒலிபெருக்கிகளை அனுமதி உள்ளவை, இல்லாதவை எனக் காவல்துறை தணிக்கை செய்து, இல்லாதவற்றை அகற்ற வேண்டும். வாரிய அலுவலர்கள் கடை வாசலில் மட்டுமன்றிப் பணியாளர் நிற்கும் இடத்திலும், நெரிசல் மிகுந்த மாலையில், ஒலியை அளக்க வேண்டும். ஒலியைக் குறைக்கும் அதிகாரத்தைத் தளக் கண்காணிப்பாளருக்கு அளிக்குமாறும், மணிக்கொருமுறை பாட்டை நிறுத்தி வைக்குமாறும் கடைகளுக்குத் தொழிலாளர் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தீபாவளி விற்பனை தொடங்கிய பின் எந்தக் கடையும் காது கொடுக்காது என்பதால், அதற்கு முன்பே மூன்று துறைகளும் கடை உரிமையாளர்களையும் பணியாளர் சார்பாளர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்குமாறு சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.