கையேடு மெஷினுக்குள்ளேயே இருக்கு

லினக்ஸ் படிக்க வாறவர்களுக்குப் பல வகுப்புகளில் முதலில் கிடைப்பது ஒரு கொமாண்ட் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம். பாடமாக்கு, பரீட்சையில் எழுது, மறந்துபோ. இதைக் கணினிக் கல்வி என்று ஒத்துக்கொள்ள நாங்கள் தயாரில்லை.

டெர்மினலில் 'மேன்' (எம்-ஏ-என்) என்று அடித்து, இடைவெளி விட்டு, கொமாண்டின் பெயரைப் போட்டால் அதன் கையேடு திறக்கும். யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. எழுதியவர்கள் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும். பெயர், பாவிக்கும் வடிவம், விளக்கம் என்ற அதே ஒழுங்குதான் இன்றும். 'பக்ஸ்' என்ற தலைப்பும் அப்பவே இருந்தது. தாங்கள் செய்ததின் குறையைத் தாங்களே எழுதி வைத்தார்கள்.

"கூகிளில் தேடினால் வருமே, ஏஐயைக் கேட்டால் சொல்லுமே?" எண்டு கேட்பார்கள். வரும்தான். ஆனால் அது யாருடைய மெஷினுக்கான பதில்? ஃபைலுக்குள் சொற்களை மாற்றும் 'செட்' கொமாண்டை எடுங்கள். அதன் 'ஐ' ஒப்ஷனுக்குப் பின்னால் பேக்கப்புக்கான பெயரொட்டு மக்கில் கட்டாயம், வெறுமையாகவேனும் தரவேணும். லினக்ஸில் அது தேவையில்லை. லினக்ஸுக்கு எழுதிய வரியை மக்கில் ஒட்டிவிட்டு, ஏன் பிழைக்குது எண்டு தலையைப் பிய்ப்பதில் என்ன பிரயோசனம்? உங்கட மெஷினில் இருக்கும் கையேடு உங்கட மெஷினைப் பற்றிப் பேசுது. டேட்டா முடிஞ்சாலும் பேசும்.

அதேநேரம், கேள்வி கேட்டால் "கையேட்டைப் படி" எண்டு எரிஞ்சு விழும் சீனியர்மாரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. வாசிக்கும் முறையைச் சொல்லித்தராமல் படி என்பது ஆளைத் துரத்துவதுதான்.

அந்த முறையும் பெரிய வித்தையில்லை. சதுர அடைப்புக்குள் இருப்பது கட்டாயமில்லை. மூன்று புள்ளி என்றால் ஒன்றுக்கு மேலும் தரலாம். சாய்கோடு போட்டுச் சொல்லைத் தேடலாம், கியூ அடித்து வெளியே வரலாம். கொமாண்டின் பெயரே தெரியாதா? 'அப்ரோபோஸ்' அடித்துச் செய்யவேண்டிய வேலையை ஒரு சொல்லில் கொடுங்கள், பொருந்துபவற்றைக் காட்டும். 'சிடி' போல ஷெல்லுக்குள்ளேயே இருப்பவற்றுக்கு, பாஷில் 'ஹெல்ப் சிடி'.

ஆங்கிலம் தடை என்பது உண்மை. ஆனால் ஒப்ஷன், ஆர்கியூமென்ட், டிஃபோல்ட் என்று அதே கொஞ்சச் சொற்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும். அவற்றைத் தமிழில் விளக்கிவிட்டால் பாதி வழி திறந்துவிடும்.

முதல் வகுப்பில் பட்டியலை விடுங்கள். இதைச் சொல்லிக்கொடுங்கள். பட்டியலில் இல்லாத கொமாண்ட் வரும் நாளில் பிள்ளைகள் யாருடைய வாயையும் பார்த்து நிற்கக்கூடாது.