மண்டைத் துளையில் தமிழ் நுழையாதோ?

‘பாட்டுக்கும் மேடைக்கும் தமிழ் போதும், அறுவை மருத்துவத்திற்கு ஆங்கிலமே வேண்டும்’ என்பார் இன்றும் நம்மிடையே உளர். அக் கூற்றுக்கு அவர் முதலில் நீட்டும் சான்று உடற்கூற்றியல். ‘மண்டையோட்டின் அடியில் ஊசிமுனை நுழையும் அளவே உள்ள துளைகளுக்கெல்லாம் தமிழில் பெயருண்டோ?’ என்று நகைப்பர். அவர்தம் நகைப்புக்கு அத் துளைகளின் வாயிலிலேயே நின்று விடையிறுப்போம்.

மண்டையோட்டைக் கவிழ்த்து வைத்துப் பார்ப்பார்க்கு அதன் அடித்தளம் ஒரு சல்லடைபோல் தோன்றும். மூளையினின்று இறங்கும் நரம்புகளும், மூளைக்கு ஏறும் செங்குருதிக் குழாய்களும், மீளும் கருங்குருதிக் குழாய்களும் அத் துளைகளின் வழியே வந்து போகின்றன. நடுவே இருப்பது யாவற்றினும் பெரியது. ஏறத்தாழ 35 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமும் உடையது, தண்டுவடத்தின் வாயில். இதனை மேலையார் இலத்தீனில் ‘ஃபொராமென் மேக்னம்’ என்பர். கேட்டவுடன் நம் மாணவன் நடுங்குகின்றான். பொருள் யாதெனில், ‘பெருந்துளை’ என்பதே! கீழ்த்தாடை நரம்பு இறங்கும் துளைக்கு ‘ஃபொராமென் ஓவேல்’ என்று பெயர். பொருள், ‘முட்டைத்துளை’. ‘ரொட்டண்டம்’ என்பது வட்டத்துளை. ‘ஸ்பைனோசம்’ என்பது முள்துளை. ‘லாசெரம்’ என்பது கிழிதுளை. இலத்தீன் பேசிய உழவனும் உரோமைத் தெருவிலே வழங்கிய எளிய சொற்கள் இவை. அவன் ஊர்ச்சொல்லை அறிவியல் என்று வணங்கும் நாம், நம் ஊர்ச்சொல்லை மட்டும் பட்டிக்காட்டுச் சொல் என்று தள்ளுவது எவ்வகை அறிவு?

‘பெயரில் என்ன இருக்கிறது? பெயர் மாறினால் என்பு மாறுமா?’ என்பார் அடுத்து. என்பு மாறாது, ஆனால் என்பைப் பார்க்கும் கண் மாறும். அறுவை மருத்துவத்தில் உயிர் தங்கியிருப்பது அக் கண்ணிலேதான்.

முட்டைத்துளை எல்லார்க்கும் முட்டை வடிவினதன்று. ஒருவர்க்கு வாதுமைக் கொட்டை போன்றது, ஒருவர்க்கு வட்டம், ஒருவர்க்கு வெறுங்கீற்று. ஏறத்தாழ 7 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் கொண்ட அச் சிறு வாயில், ஒரே மாந்தனுக்கு வலத்தே ஒரு வடிவும் இடத்தே வேறொரு வடிவுமாக அமைதலும் உண்டு. சிலர்க்கு அதன் குறுக்கே ஓர் என்புப் பாலம் ஓடி அதனை இரண்டாக்கும். சிலர்க்கு அது பக்கத்து முள்துளையோடு கலந்துவிடும். சிலர்க்கு அதன் கீழுள்ள தசைநார் என்பாக இறுகி வாயிலை மறிக்கும். அதன் அருகே வெசாலியசு பெயரால் வழங்கும் இன்னொரு நுண்துளை சிலர்க்கு உண்டு, சிலர்க்கு இல்லை, சிலர்க்கு ஒரு பக்கம் மட்டும் உண்டு. முகத்தின் ஆழத்துக் கருங்குருதிக் குழாய்களை மண்டையின் உள்ளிருப்பனவற்றோடு இணைக்கும் புழை அது. முகத்துச் சீழ்நோய் மூளையருகே ஏறிச் செல்லவும் அதுவே ஒரு வழியாகக் கூடும்.

இவ் வேறுபாடுகளால் விளைவது என்ன? ஐந்தாம் மூளை நரம்பின் முகவலியை எண்ணிப் பாருங்கள். பல் துலக்கினால் மின்னல். காற்றுப் பட்டால் மின்னல். ஒரு கவளம் மென்றால் மின்னல். வலி தாடையில் தோன்றுதலால், குற்றமற்ற பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்ட பின்னரே உண்மை நோய் இன்னதென அறிந்தார் பலர். மருந்துக்கு அடங்காத வலிக்கு ஒரு வழி, வாய்க்கடைக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று செ.மீ. புறத்தே கன்னத்தில் நீள் ஊசியைச் செலுத்தி, முட்டைத்துளை வழியே மண்டைக்குள் ஏற்றி, நரம்புக் கணுவை வெப்பத்தாலோ மருந்தாலோ சிறு குமிழின் அழுத்தத்தாலோ அடக்குதல். வாயில் குறுகியிருப்பின் ஊசி நுழையாது. என்புப் பாலம் இருப்பின் தடுக்கும். வழி பிசகின் கிழிதுளையருகே மூளைக்குச் செல்லும் செங்குருதிக் குழாயைக் குத்தலாம். கண்ணறைப் பிளவுக்குள் சென்று பார்வைக்கே ஊறு செய்யலாம். ஆதலின் முன்னரே, மக்கள் ‘சி.டி. ஸ்கேன்’ என வழங்கும் வெட்டுப்படத்தில் அந் நோயரின் துளையைக் கண்டறிதல் அறிவுடைமை. நூலிலுள்ள துளை வேறு. நோயர் தலையிலுள்ள துளை வேறு.

கழுத்துக் கருங்குருதித் துளையும் அத்தகையதே. பெரும்பாலார்க்கு வலப்புறத்தது பெரிது. மூளையின் மேற்புறத்துக் குருதி பெரும்பாலும் வலப்பக்கமே வடிவது கரணியம். இதனை அறியாதவன், இயல்பான பெருந்துளையைக் கட்டி அரித்த துளையென மயங்குவான். அக் குழாயின் மேற்குமிழ் சிலர்க்கு நடுச்செவி வரை உயர்ந்து நிற்கும். அறியாது செவியை அறுப்பவன் கையில் குருதி பீறிடும்.

இப்பொழுது வினவுகின்றேன். ‘முட்டைத்துளை’ என்று கற்ற மாணவன் கையில் வாதுமை வடிவத் துளையைக் கொடுத்தால் என்ன சொல்வான்? ‘ஐயா, இது முட்டைபோல் இல்லையே!’ என்பான். அவ் வினாவே அறிவியலின் பிறப்பிடம். ‘ஓவேல்’ என்று உருப்போட்டவனோ, அச் சொல் வடிவைக் குறித்ததென்றே அறியான். ஆதலின் வடிவு மாறியதும் அவன் கண்ணிற் படாது. பெயரின் பொருள் அறியாதவன், பொருளின் பிறழ்வை எங்ஙனம் அறிவான்? கேலன் விலங்குகளை அறுத்து எழுதியதை மாந்த உடலுக்கும் உண்மையென ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் மேலை நாடு உருப்போட்டது. 1543-இல் வெசாலியசு என்பையே நேரிற் பார்த்து எழுதிய பின்னரன்றோ அம் மயக்கம் தெளிந்தது? அன்று ஐரோப்பா கேலனை உருப்போட்டதுபோல் இன்று நாம் ஆங்கிலத்தை உருப்போடுகின்றோம்.

இது நடவாத கனவென்பார்க்குச் சப்பானியர் விடை கூறுவர். 1771-இல் சுகித்தா கென்பக்கு, மயேனோ இரியோத்தாக்கு முதலியோர் அறுத்த உடலொன்றைக் கண்டு, கையிலிருந்த ஒல்லாந்து நூலின் படங்கள் அதனோடு ஒத்திருத்தல் நோக்கி வியந்தனர். ஒல்லாந்து மொழியை அரைகுறையாகவே அறிந்த அவர்கள், 1774-இல் அந் நூலைத் தம் நாட்டார் படிக்குமாறு பெயர்த்து வெளியிட்டனர். நரம்பைக் குறிக்கச் சொல்லின்மை கண்டு புதிதாக ஆக்கினர். அச் சொல்லே இன்றும் அங்கு வழங்குகின்றது.

சப்பான் வரை செல்வானேன்? யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு வாருங்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 1847-இல் தம் இருபத்தைந்தாம் அகவையில் யாழ்ப்பாணம் வந்தார்; முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் பயிற்றினார். ஆங்கிலம் கற்றவர் சிற்றூரை விட்டு அரசுப் பணிக்குப் பறந்தமை கண்டு, தமிழிலேயே பயிற்றத் துணிந்தார். 1858-இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 1872-இல் ‘மனுச அங்காதிபாதம்’ என்னும் பெயரில் தமிழில் நின்றது. அறுவை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம், வேதியியல் நூல்களும் அவர் முயற்சியால் தமிழாயின. அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். அவருள் முப்பதின்மருக்கும் மேற்பட்டோர் தமிழ்வழிக் கற்றவர். 1884-இல் மறைந்த அவர் கல்லறை, அவரைத் தமிழர்க்குத் தொண்டு செய்தவர் என்றே இன்றும் அறிவிக்கின்றது.

அந் நூலின் தலைப்பே வடசொல் மூட்டை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ‘உடற்கூறு’ என்னும் தமிழிருக்க ‘அங்காதிபாதம்’ எதற்கு? அக்காலத்துப் புலமை வடமொழிச் சேற்றிற் புதைந்திருந்தது. அயல்நாட்டார் ஒருவரை அதற்காகப் பழித்தல் அறமன்று. அவர் விட்ட இடத்தினின்று தமிழ்ச்சொல்லால் தொடராது விட்ட நமக்கே அப் பழி.

வடக்கே நிகழ்வதையும் நோக்குக. 2022 அக்டோபர் 16-இல் போபாலில் இந்தி மருத்துவ நூல்களை ஆரவாரத்தோடு வெளியிட்டனர். திறந்து பார்த்தால் ஆங்கிலக் கலைச்சொற்கள் நாகரி எழுத்தில் அப்படியே கிடக்கின்றன! அது மொழியாக்கமன்று, எழுத்துமாற்றம். தமிழிலும் ‘ஃபொராமென் ஓவேல்’ என்று தமிழெழுத்தில் அச்சிட்டுத் ‘தமிழ்வழி மருத்துவம்’ என்று முரசறையும் நாள் வருமாயின், அந்நாள் கொண்டாடத்தக்க நாளன்று, நாணத்தக்க நாள். சட்டை மாற்றிய ஆங்கிலம் தமிழாகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12-இல் திறக்கப்பெற்றது. சங்கராபுரத்தாரும் கல்வராயன் மலைமக்களும் உயிர்காக்க ஓடும் இடம் அது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் தெளிவாகச் சிந்தித்த பிள்ளை, கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்ததும் ஊமையாக்கப்படுகின்றது. பின் அப் பிள்ளையே மருத்துவராகி மலையினின்று இறங்கிய முதியவளிடம், ‘கன்னத்தில் ஊசி ஏற்றுவோம், உங்கள் துளை சற்றே குறுகியது, ஆதலின் இன்னின்ன ஏதம் உண்டு’ என்று சொல்ல வேண்டிய வேளையில் சொல்லின்றித் திகைக்கின்றது. நோயின் பெயரும் அறுவையின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிய தாளில் அம் முதியவள் கைந்நாட்டு இடுகின்றாள். நோயர்க்கு அறுவையின் இயல்பையும் ஏதத்தையும் மாற்றுவழியையும் போதிய அளவு அறிவித்துப் பெறுவதே ஒப்புதல் என்று 2008-இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. விளங்காத மொழியில் அறிவித்தல் அறிவித்தலாகுமா? விளங்காத தாளில் பெற்ற நாட்டு ஒப்புதலாகுமா?

இன்னொன்று. தென்னாட்டு மண்டையோடுகளை அளந்து, துளைகளின் வேறுபாடுகளைக் கணக்கிட்டு, நம் உடற்கூற்றியலார் கட்டுரைகள் எழுதத்தான் செய்கின்றனர். அளந்த கை தமிழன் கை. அளக்கப்பட்ட என்பு தமிழன் என்பு. எழுதிய மொழி மட்டும் ஆங்கிலம்! இறந்தபின் தன் உடலைக் கல்லூரிக்கு ஈந்தவனின் மக்கள், அவ் உடல் உலகுக்குக் கற்பித்தது யாதென ஒரு வரியேனும் படிக்க இயலவில்லை. உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதுக, தடுப்பார் இல்லை. உடல் தந்த ஊர்க்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதுதல் நன்றிக்கடன் அன்றோ?

ஆதலின் நாம் கேட்பன இவை: ஒவ்வொரு உடற்கூற்று அறையிலும் ஒவ்வொரு என்பின்மேலும் தமிழ்ப்பெயர் எழுதப்பெறுக. ஒரு பொருட்கு ஒரு சொல்லென அரசு வரையறுத்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்புக. ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக்குக. அறுவை ஒப்புதல் தாளில் நோயும் முறையும் ஏதமும் நோயர் மொழியில் எழுதி, படித்துக் காட்டியபின் நாட்டுப் பெறுக. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா, பெருமனம் போதும்.

தமிழ்ப் பெற்றோரே! நும் தலையின் அடியிலுள்ள துளைக்குப் பெயரிடும் உரிமை நும் மொழிக்கு உண்டு. அதனைக் கேளாதிருப்பின், நும் உடலையே நுமக்கு அயலார் மொழியில் விளக்கி, விளங்கவில்லை என்று நும்மையே பழிப்பர். கேளுங்கள், ஓயாது கேளுங்கள். பெருந்துளையின் வழியே தண்டுவடம் இறங்குவதால் உடல் நிமிர்ந்து நிற்கின்றது. தாய்மொழியின் வழியே அறிவு இறங்கினாலன்றி இனம் நிமிர்ந்து நில்லாது.