பருந்துக்குக் கோழிக்குஞ்சு கட்டலாமா?

கரைவெட்டி ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் சம்பா போட்டிருக்கும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். கேள்வி நெல்லைப் பற்றியதல்ல, மகனைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு ஏரிக்கரையே கதி என்று கிடக்கிறான். கார்த்திகை பிறந்ததும் பெரிய லென்சுகளோடு பருந்துப் படம் எடுக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவன்தான் வழிகாட்டி. போன முறை வந்தவர்கள், வரப்பில் ஒரு கோழிக்குஞ்சை நூலில் கட்டி விடச் சொல்லி, பருந்து இறங்கினால் 500 ரூபாய் என்று பேசியிருக்கிறார்கள். பையனும் கட்டினான். பருந்து வரவில்லை, வெயிலில் கிடந்த குஞ்சு செத்துப்போனது. இப்போது வயலோரக் கருவேல மரத்தில் ஒரு வெள்ளைப் பருந்து கூடு கட்டியிருக்கிறது. அதைக் கிட்டத்தில் காட்டச் சொல்லி போன் வருகிறதாம். இதில் தப்பு உண்டா, வழக்கு ஏதும் வருமா, நாலு காசு வருகிறதே என்று விட்டுவிடலாமா என்பது தகப்பனாரின் கேள்வி. பருந்திடமிருந்து வீட்டுக் கோழிக்குஞ்சுகளைக் காப்பது எப்படி என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

வழக்கு வருமா என்றால், வரலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. காட்டு உயிரினத்தை விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது எல்லாம் அதற்குள் அடங்கும். இது சரணாலய எல்லைக்குள் மட்டுமல்ல, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் கருவேல மரத்துக்கும் பொருந்தும். உயிருள்ள குஞ்சைக் கட்டிப்போட்டதற்கு 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. படம் எடுத்தவர் காரில் ஏறிப் போய்விடுவார். விசாரணை என்று வந்தால் ஊரில் இருப்பவன் பையன்தான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தால் என்ன ஆகும் என்பது கோழி வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படி நோய் தாங்கிய குஞ்சை ஏரிக்கரையில் கட்டினால், அந்த நோயைக் காட்டுப் பறவைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடலாம். மனிதர் வைக்கும் இரைக்குப் பழகிய பருந்து மனிதரைக் கண்டு ஒதுங்குவதையும் மறக்கும். அடுத்து அது இறங்குவது யார் வீட்டு முற்றத்தில் என்று சொல்ல முடியாது.

கடிதத்தில் சொல்லியிருக்கும் அடையாளத்தைப் பார்த்தால் (வெள்ளை உடம்பு, தோளில் கருப்பு, சிவந்த கண், ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்பது) கூட்டில் இருப்பது கருந்தோள் பருந்து. இது கோழி தூக்குகிற பருந்தல்ல. இதன் முக்கியமான தீனி வயலில் ஓடும் சுண்டெலி. பெரிய வரப்பெலியை இது அதிகம் தொடாது, அந்த வேலை இரவில் கூகையுடையது. இரண்டும் இருக்கிற வயலுக்குப் பகலிலும் காவல், இரவிலும் காவல். எலிக்காக வயலில் டி வடிவக் குச்சி நடச் சொல்வது இவற்றை நம்பித்தான். ஏக்கருக்கு 15 முதல் 20 குச்சி போதும். இந்த வாசகருக்குக் குச்சி நடும் முன்பே பருந்து குடும்பத்தோடு வந்துவிட்டது. 500 ரூபாயோடு ஒப்பிட வேண்டிய கணக்கு இது.

கூட்டில் பெண் பருந்து மூன்று, நான்கு முட்டை இட்டு ஏறக்குறைய ஒரு மாதம் அடை காக்கும். குஞ்சு பொரித்துப் பறக்க இன்னும் ஐந்து வாரம் ஆகும். இந்த இரண்டு மாதமும் இரை தேடுவது பெரும்பாலும் ஆண்தான். மரத்தடியில் நாலு பேர் கேமராவோடு நின்றால் பெண் எழுந்து வட்டமிடும். அந்த நேரத்தில் உச்சி வெயில் நேரே முட்டையிலும் மயிர் முளைக்காத குஞ்சிலும் விழும். மனிதர் கூடி நிற்பதைப் பார்த்துக் காக்கை வரும், கூட்டை அது கண்டுகொண்டால் முடிந்தது. தழை மறைக்கிறது என்று ஒரு கிளையை ஒதுக்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தழைதான் கூட்டுக்கு நிழலும் மறைவும். ஆகவே குஞ்சு பறந்து போகும் வரை அந்த மரத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். போனில் எடுக்கும் படத்தில் இடக்குறிப்பு தானாகப் பதியும், அதையும் அணைத்து வைப்பது நல்லது.

அப்படியானால் பையன் கேமராவைப் பரணில் போட வேண்டுமா? தேவையே இல்லை. கரைவெட்டி சாதாரண இடமல்ல. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிறையும் இந்த ஏரி, 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. பனிக்காலத்தில் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறது. வாத்துக் கூட்டம் திடீரென்று மொத்தமாக எழும்பினால் மேலே பார்க்க வேண்டும், பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும். இறக்கையை லேசாக 'வி' போலத் தூக்கி, கோரைக்கு மேலே ஆள் உயரத்தில் மிதந்து போகும். தலை வெண்மஞ்சளாக, உடம்பு கரும்பழுப்பாக இருந்தால் பெண். ஆணுக்கு இறக்கையில் சாம்பல் பட்டை தெரியும்.

இதைத் துரத்திப் போனால் முதுகுதான் படத்தில் விழும். இது ஒரே கோரைத் திட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றும் பறவை. அரை மணி நேரம் பார்த்து அதன் பாதையைத் தெரிந்துகொண்டு, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரைச் சரிவில் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மனிதனைவிட உட்கார்ந்திருப்பவனைப் பறவை பொறுத்துக்கொள்ளும். விடிந்து இரண்டு மணி நேரம் வெளிச்சம் மென்மையாக இருக்கும். தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பிய பிறகு பெரிய கழுகுகள் உயரே போய்ப் புள்ளியாகிவிடும். பறக்கும் பருந்துக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1,600-ல் ஒரு பங்காவது வேண்டும். மரத்தில் உட்காரும் பருந்து பொதுவாகக் காற்றைப் பார்த்து உட்கார்ந்து, காற்றை எதிர்த்தே எழும்பும். எந்தப் பக்கம் பறக்கும் என்பது காற்றடிக்கும் திசையிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதற்கு அடிக்கணக்கு கிடையாது, பறவையே சொல்லும். இறகு கோதிக்கொண்டு, வயலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நம்மைப் பொருட்படுத்தவில்லை. கோதுவதை நிறுத்தி நம்மையே பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். உடம்பை ஒடுக்கி முன்னால் குனிந்து எச்சமிட்டால் அடுத்த நொடி பறந்துவிடும். அப்போது கிடைப்பது பறந்தோடும் பறவையின் படம், அதற்குப் பறிபோவது அதன் காலை வேட்டை. பழைய கேமராவில் பறவை சிறிதாகத்தான் விழும் என்று பையன் வருந்த வேண்டாம். விளைந்த சம்பா மேலே ஒரு பூனைப்பருந்து தாழப் பறக்கும் படத்தை வெளியூர்க்காரர் எளிதில் எடுக்க முடியாது. சாயங்காலம் இருட்டும் நேரத்தில் மட்டும் கோரைக்குள் நடக்கக் கூடாது. பூனைப்பருந்து மரத்தில் அடைவதில்லை, தரையில் கோரைக்குள்தான் தூங்கும்.

சம்பாதிக்கவும் வழி இருக்கிறது. சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். எந்தக் கரையில் எந்த நேரத்தில் என்ன வரும் என்று தெரிந்தவனுக்கு அந்த அறிவுக்கே கூலி உண்டு. காலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். "பருந்து இறங்கினால்தான் காசு" என்று பேசுவதில்தான் கோழிக்குஞ்சும் நூலும் வந்து சேருகின்றன. எடுத்த படங்களைத் தேதியோடு இபேர்டு தளத்தில் ஏற்றி வந்தால் ஏரிக்கு ஒரு கணக்கு சேரும். காலில் வளையம் தெரிந்தால் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதலாம். அந்தப் பறவைக்கு எங்கே வளையம் போட்டார்கள் என்பது தெரிய வரும்.

கடிதத்தில் தகப்பனார் போகிற போக்கில், வரப்பில் புரோமடையலான் வைத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், தள்ளாடும் எலிதான் பருந்துக்கும் கூகைக்கும் முதலில் அகப்படும். விஷம் எலியின் ஈரலில் தங்கியிருக்கும். கூடு இருக்கும் இந்த இரண்டு மாதம் மருந்தை விட்டுவிட்டு, தஞ்சாவூர்க் கிட்டியும் வளை வெட்டுவதுமாகச் சமாளிப்பது நல்லது. ஏற்கெனவே வைத்த மருந்தை எடுத்துவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் வரப்பைச் சுற்றிச் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

இனி கோழிக்குஞ்சு. தூக்குவது பெரும்பாலும் கரும்பருந்தும் வல்லூறும். பொரித்த முதல் நான்கு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் திறந்து விட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். மேய்கிற இடத்தில் முருங்கையோ அகத்தியோ நாலு இருந்தால், மேலிருந்து பாய்கிற பருந்துக்குக் கண் மறைக்கும்.