திரையில் தெரியாத படகு

கடலே இல்லாத கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு கடல் காவலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2021 ஏப்ரலில் நமது கர்நாடகக் கரைக்கு அப்பால் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மங்களூரிலிருந்து 43 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், இரவு நேரத்தில் 'ரபா' என்ற மீன்பிடி விசைப்படகும் 'ஏ.பி.எல். லெ ஹாவ்ர்' என்ற சிங்கப்பூர் சரக்குக் கப்பலும் மோதிக்கொண்டன. படகு கேரளத்துப் பேப்பூரிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்த 14 பேரில் 7 பேர் தமிழர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர்.

சுரங்க வேலைக்காக நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்து இங்கு வந்தது போலத்தான் அந்த எழுவரும் பிழைப்புக்காக அடுத்த மாநிலத்துப் படகில் ஏறினார்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும்கூட.

இது ஒரு தடவை நடந்து முடிந்த விபத்தும் அல்ல. 2012 மார்ச்சில் ஆலப்புழைக்கு அப்பால் 'பிரபு தயா' என்ற கப்பல் மோதி 5 மீனவர்கள் இறந்தார்கள். 2018 ஆகஸ்டில் கொச்சிக்கு அப்பால் 'ஓஷியானிக்' என்ற படகு கப்பல் மோதி உடைந்தபோது, அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்துக்காரர்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கிய பயங்கரவாதிகள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்த பிறகு, கரையோரம் நெடுகிலும் ராடார் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அந்தப் பணியைச் செய்தது பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். கலங்கரை விளக்கங்களில் கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவிகள் பொருத்தப்பட்டன. கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு, கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமைப்பை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் சென்னை ஐ.ஐ.டி.யே உருவாக்கிக் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் 364 கோடி ரூபாய் செலவில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்க பணிகள்.

ஆயினும் ரயில்வேயில் காலமெல்லாம் உழைத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ரயில்வே சிக்னலில் 'டிராக் சர்க்யூட்' என்ற ஓர் ஏற்பாடு உண்டு. தண்டவாளத்தில் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்து நின்றால் அதன் சக்கரங்கள் வழியாக அந்த மின்சாரம் திசைமாறி, சிக்னல் சிவப்புக்குப் போய்விடும். வண்டி தன்னைத் தானே அறிவிக்க வேண்டியதில்லை. இதைவிட முக்கியம், கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் சிக்னல் சிவப்பாகவே ஆகும். கருவி கெட்டால் அது ஆபத்தில்லாத பக்கமாகக் கெட வேண்டும் என்பதே எங்களுக்குப் போதிக்கப்பட்ட முதல் பாடம்.

கடலில் உள்ள ஏற்பாடு இதற்கு நேர் எதிரானது. ஏ.ஐ.எஸ். கருவி உள்ள கப்பல் தன் பெயர், இருக்குமிடம், வேகம், திசை ஆகியவற்றை ரேடியோ மூலம் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். சொல்லுகிறவன்தான் திரையில் தெரிவான். வெளிநாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். சிறு படகில் இக்கருவி இல்லாவிட்டாலோ, பேட்டரி தீர்ந்துபோனாலோ, உப்புக்காற்றில் கம்பி அரித்துப்போனாலோ, படகு திரையிலிருந்து மறைந்துவிடும். பார்க்கிறவனுக்குக் கடல் காலியாகத் தெரியும். காலியாகத் தெரிந்தால் கப்பல் வேகத்தைக் குறைக்குமா? ராடாரையும் முழுக்க நம்ப முடியாது. மரத்தாலும் ஃபைபராலும் ஆன படகு ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அலை உயரமாக இருந்தால் அதன் சாயலும் அலையோடு கலந்துவிடும். பெரிய சரக்குக் கப்பலோ, இயந்திரத்தை நிறுத்திய பின்னும் கிலோமீட்டர் கணக்கில் ஓடித்தான் நிற்கும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்', 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற இரு பெரிய டாங்கர் கப்பல்கள் மோதிக்கொண்டன. இரண்டிலும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையில் படிந்த எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. ஒவ்வொரு கப்பலும் கண்ணாலும் காதாலும் ஓயாது கவனிக்க வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதி. வலை விரித்துத் தொழில் செய்யும் படகுக்குக் கப்பல்தான் விலகிப்போக வேண்டும் என்பதும் அதே விதிதான். எந்தக் கருவி வந்தாலும் இந்தக் கடமை மாறாது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். படகு திரையிலிருந்து மறைந்தால் அதைச் சிவப்பு சிக்னலாகக் கொள்ள வேண்டும். நம் சுரங்கங்களில் இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று கணக்குப் பார்க்காமல் ஷிப்டை முடித்ததுண்டா? அதே ஒழுங்கு மீன்பிடித் துறைமுகத்திலும் வேண்டும். புறப்பட்ட படகு சமிக்ஞை தராமல் நின்றுபோனால், குறிப்பிட்ட நேரத்துக்குள் கரையிலிருந்து ஒருவர் அதைக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் அக்கம்பக்கத்துப் படகுகளையும் கப்பல்களையும் எச்சரிக்க வேண்டும். புதிய டிரான்ஸ்பாண்டரில் இருவழித் தொடர்பு இருப்பதால் இது செய்யக்கூடியதே. அந்தச் செய்தி மீனவனின் தாய்மொழியில் இருக்க வேண்டும். 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் எத்தனை குடும்பங்கள் நிர்க்கதியாயின என்பதைக் குமரிக்கரை இன்றும் மறக்கவில்லை.

மீனவர்களின் தயக்கத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தாம் மீன் பிடிக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ, எல்லை தாண்டியதாக வழக்கு வருமோ என்ற அச்சத்தில் கருவியை அணைத்து வைப்பவர்கள் உண்டு. அதட்டுவதால் இந்த அச்சம் போகாது. உயிர் காக்கக் கொடுத்த கருவியின் விவரம் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அரசு எழுத்து மூலம் உறுதி கூற வேண்டும். படகை இடித்துவிட்டு நிற்காமல் போகும் கப்பலைக் கண்டுபிடித்து இழப்பீடு வாங்கவும் அதே பதிவுதான் சாட்சி என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பழுது பார்க்கும் வசதி. இலவசமாகக் கருவி கொடுப்பது ஒரு நாள் விழா. அது பத்தாண்டு வேலை செய்வதற்கு ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் ஒரு பட்டறையும், பயிற்சி பெற்ற நான்கு இளைஞர்களும் வேண்டும். 2001இல் சுரங்கம் மூடியது முதல் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் நம் ஐ.டி.ஐ., டிப்ளமா பிள்ளைகளுக்கு இது ஏற்ற தொழில். நம் சங்கம் இத்துறைப் பயிற்சிகளைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து அவர்களுக்கு வழிகாட்டினால், ஆழ்கடலில் இருக்கும் நம்மவர்க்குத் தங்கவயல் செய்யும் உதவியாக அது அமையும். செயற்குழு இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.