'கிட்டத்தட்ட தயார்' - மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

ரிமோட் கண்ட்ரோல் மாடல் விமானங்களில் ஏ.ஆர்.எஃப். என்று ஒரு ரகம் உண்டு. 'பறக்கக் கிட்டத்தட்டத் தயார்' என்று அர்த்தம். பெட்டியைத் திறந்தால் பால்சா மரத்தில் செய்து கலர் ஃபிலிம் ஒட்டிய இறக்கை, உடல், வால் எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஒட்டவேண்டியதை ஒட்டி, எஞ்சின், சர்வோ, ரிசீவர் மாட்டினால் விமானம் ரெடி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 'சிக்' நிறுவனத்தின் கேடட் எல்.டி.-40 என்ற பயிற்சி விமானம் குச்சி குச்சியாக ஒட்டிக் கட்டும் கிட்டாகவும் வந்தது, ஏ.ஆர்.எஃப். ஆகவும் வந்தது. முதலாவதற்கு வாரக்கணக்கில் வேலை. இரண்டாவதற்குச் சில சாயங்காலங்கள் போதும்.

இதை வைத்து இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொள்கின்றன. 'சொந்தமாகக் கட்டாதவனெல்லாம் மாடலரே இல்லை' என்பது ஒரு கோஷ்டி. 'ஃபேக்டரியில் செய்தது, மேனுவலில் போட்டபடி மாட்டு, நாளைக்கே பறக்கவிடு' என்பது இன்னொன்று. முதல் கோஷ்டிக்கு இருப்பது வெறும் தலைக்கனம், அதனால் யாருக்கும் அடிபடாது. இரண்டாவது கோஷ்டியால் அடிபடும்.

மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கேடட் ரக விமானத்தின் இறக்கை 70 அங்குலம், எடை சுமார் 2.5 கிலோ. அது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் அதன் இயக்க ஆற்றல் 500 ஜூல். 2.5 கிலோ படிக்கல்லை 20 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் போடுவதற்குச் சமம். முன்னால் சுற்றும் ப்ரொப்பெல்லர் தனி! இதைப் 'பொம்மை' என்று சொல்பவரை மைதானத்துக்குள்ளேயே விடக்கூடாது.

சரி, ஃபேக்டரியில் ஒட்டியதை ஏன் நம்பக்கூடாது? யாரும் அயோக்கியர்கள் என்பதால் அல்ல. ஒட்டிய இடம் ஃபிலிமுக்கு உள்ளே இருக்கிறது என்பதால். பளபளப்பைப் பார்த்துதான் வாடிக்கையாளர் வாங்குகிறார். பசை எவ்வளவு என்று அவரால் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில்தான் எந்த வியாபாரத்திலும் செலவு குறையும். பி.காம். இரண்டாம் வருடப் பாடம்தான் இது.

முதலில் ஃபயர்வால், அதாவது எஞ்சினைத் தாங்கும் முன்பக்கப் பிளைவுட். எஞ்சினின் அத்தனை அதிர்வும் அதில்தான் இறங்குகிறது. உள்பக்க மூலைகளில் 30 நிமிட எபாக்ஸியைத் தடவி, முக்கோணப் பால்சா குச்சி வைத்து ஒட்டவேண்டும். பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு மூங்கில் குச்சிகளைச் செருகி ஒட்டினால் பசை விட்டாலும் பலகை விடாது. பெட்ரோல் அல்ல, மெத்தனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருள் என்றால், வெளியே தெரியும் மரத்தின்மேல் எபாக்ஸியை மெல்லிசாகப் பூசவேண்டும். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது.

அடுத்து இறக்கையின் நடு இணைப்பு. அவசரக்காரர்கள் 5 நிமிட எபாக்ஸியை எடுப்பது இங்கேதான். எல்லாப் பரப்பிலும் தடவி முடிப்பதற்குள் அது இறுக ஆரம்பித்துவிடும். வளைவில் இழுத்துத் திரும்பும்போது விமானத்தின் எடையைப்போலப் பல மடங்கு பாரம் அந்த ஒரு இணைப்பில் விழுகிறது. 25 நிமிடம் மிச்சம் பிடிக்க அதுவா இடம்?

வால் ஒட்டும் இடத்தில் ஃபிலிமை உரிக்கவேண்டும், பசை மரத்தைத்தான் பிடிக்கும். ஆனால் பிளேடை அழுத்தி வெட்டினால் அடியில் இருக்கும் பால்சாவிலும் கோடு விழும், பறக்கும்போது அந்தக் கோட்டில்தான் ஒடியும். சூடான சால்டரிங் அயர்னை லேசாக இழுத்தால் ஃபிலிம் மட்டும் பிரியும். கடைசியாக ஒவ்வொரு கீலையும் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். கையில் பிடுங்கிக்கொண்டு வருவது வானத்தில் தாங்குமா என்ன?

'இவ்வளவு சேர்த்தால் கனமாகிவிடாதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பலப்படுத்துவது என்றால் கண்ட இடத்தில் எல்லாம் எபாக்ஸி ஊற்றுவது அல்ல. வாலில் 10 கிராம் கூடினால், தூரக் கணக்கில் மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைத்துச் சமன் செய்யவேண்டி வரலாம். சக்கரம் தாங்கும் கட்டையை அளவுக்கு மீறி இறுக்கினால், மோசமாக இறங்கும்போது கட்டை கழன்றுவிடுவதற்குப் பதில் உடலின் அடிப்பக்கமே பிய்ந்துகொண்டு வரும். எங்கே பாரம் விழுகிறது என்று தெரிந்து, அங்கே மட்டும் சேர்ப்பதுதான் பலம்.

'காசு வாங்கின கம்பெனியே இதைச் செய்யட்டுமே' என்பது அடுத்த வாதம். செய்யட்டும், கேட்கவேண்டியதுதான். ஆனால் விமானம் யார் மண்டையிலாவது இறங்கினால், ரிமோட் யார் கையில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். வாரண்டி அட்டையை நீட்டினால் ரத்தம் நிற்காது.

கணக்காகவே பார்ப்போம். எபாக்ஸி, குச்சி, இரண்டு சாயங்காலம்: இது தடுப்புச் செலவு. எஞ்சின், ரிசீவர், நான்கு சர்வோ, மொத்த விமானம்: இது தோல்விச் செலவு. கீழே நிற்கும் பையனின் கண்ணுக்கு இந்தப் பேரேட்டில் எந்தப் பத்தியும் கிடையாது. எது லாபம் என்று சொல்ல ஆடிட்டர் வேண்டாம்.

கிட் கட்டினால்தான் மரியாதை என்று யாரும் கிளம்பவேண்டாம். ஏ.ஆர்.எஃப். தாராளமாக வாங்குங்கள். ஆனால் முதல் முறை ஓடவிடும் முன் எஞ்சினைப் பிடித்து ஆட்டுங்கள், இறக்கையை முறுக்குங்கள், கீல்களை இழுங்கள். எது விடவேண்டுமோ அது உங்கள் மேஜைமேல் விடட்டும்.